செங்கல்பட்டு தில்லிக்கு அனுப்பிய உறுப்பினர்

நாவலூர் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி முன்பு இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது மறைந்தது.

பின்னாளில் அந்தத் தொகுதியை வென்ற தி.மு.க., 1957இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது மக்களவைக்கு அனுப்பியது 2 பேரைத்தான். 1962இல் 7 பேர். அதே ஆண்டு காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற அண்ணா, மாநிலங்களவைக்குப் போனார். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என 1963இல் அங்கே வாதாடினார். அந்தப் பெயர் மாற்றத்துக்காக வங்காளத்துப் பூபேஷ் குப்தா கொண்டுவந்த மசோதா அன்று தோற்றது. 1968இல் நாடாளுமன்றமே அந்தப் பெயரை ஏற்றது. உறுப்பினர் எண்ணிக்கை குறைவு என்பதற்காக வாதம் வீணாகிவிடுவதில்லை!

1967இல் தி.மு.க. போட்டியிட்ட 25 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. செங்கல்பட்டில் வென்றவர் சென்னையின் முன்னாள் மேயர் சி. சிட்டிபாபு. 1969இல் காங்கிரஸ் பிளந்து, இந்திரா காந்தி அரசு பெரும்பான்மை இழந்தபோது, அதைத் தாங்கிய கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று. ஒரு மாநிலக் கட்சியின் ஆதரவு தில்லி ஆட்சிக்கே தேவைப்பட்ட காலம் அது.

1971இல் மீண்டும் வென்ற சிட்டிபாபு, நெருக்கடி நிலையில் மிசா சட்டத்தில் கைதானார். சென்னை மத்தியச் சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார். 1977 ஜனவரியில் உயிரிழந்தபோதும் அவர் செங்கல்பட்டின் மக்களவை உறுப்பினர்தான். அவர் பெயரை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.