பிரித்தானியத் திரைப்படத்துறையும் அரசின் வரிச்சலுகையும்

முன்னுரை

பிரித்தானிய அரசு ஏறத்தாழ நூறாண்டுகளாகத் தன் நாட்டுத் திரைப்படத்துறைக்குத் துணை நின்று வருகிறது. துணையின் வடிவம் காலந்தோறும் மாறியது. 'எது பிரித்தானியப் படம்?' என்னும் வினாவோ மாறவில்லை. இவ்வினாவுக்குச் சட்டம் தந்த விடையே உதவி யாரைச் சென்றடைந்தது என்பதை முடிவு செய்தது. இதனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஒதுக்கீடும் தீர்வையும்

அமெரிக்கப் படங்களின் மேலாதிக்கத்தைத் தடுக்க எழுந்த 1927ஆம் ஆண்டுச் சட்டம், விநியோகத்தரும் திரையரங்கினரும் குறிப்பிட்ட விழுக்காடு பிரித்தானியப் படங்களை ஏற்க வேண்டுமென விதித்தது. படத்தின் தரத்தையோ குறைந்த அளவுச் செலவையோ அது வரையறுக்கவில்லை. ஆதலால், அமெரிக்க விநியோக நிறுவனங்கள் ஒதுக்கீட்டை நிறைவு செய்வதற்கென்றே மலிவான படங்களை விரைந்து எடுப்பித்தன.

1950இல் தொடங்கிய ஈடி தீர்வை, நுழைவுச்சீட்டு வருவாயில் ஒரு பகுதியைத் திரட்டி, வசூலுக்கேற்பத் தயாரிப்பாளர்களுக்குப் பகிர்ந்தளித்தது. பிரித்தானியாவில் கிளை நிறுவனம் அமைத்துப் படமெடுத்த அமெரிக்கர்களும் அதனால் பயன்பெற்றனர். 1985இல் அத்தீர்வை நீக்கப்பட்டது.

வரிச்சலுகை

1990களில் வந்த சலுகைகள் முதலீட்டாளர்கள் வரியைத் தள்ளிப்போடும் வழியாயின. எனவே 2007 முதல் சலுகை தயாரிப்பு நிறுவனத்திற்கே நேரடியாக வழங்கப்பட்டது. இதைப் பெற, படம் பண்பாட்டுத் தேர்வில் தேற வேண்டும். அல்லது அரசு ஒப்பந்தவழிக் கூட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும். கதைக்களம், கதைமாந்தர், மொழி, பணி நடைபெறும் இடம், கலைஞர் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. இன்று 35 புள்ளிகளில் 18 தேவை.

2024இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் 34 விழுக்காட்டுச் சலுகை தருகிறது. 10 மில்லியன் பவுண்டு தயாரிப்புச் செலவு முழுவதும் பிரித்தானியாவிலேயே செய்யப்பட்டதாகக் கொள்வோம். அதில் 80 விழுக்காடாகிய 8 மில்லியனுக்கே சலுகை உண்டு, அது 2.72 மில்லியன். 25 விழுக்காட்டு நிறுவன வரி கழிய, 2.04 மில்லியன் கைக்கு வரும்.

பெரும் அமெரிக்க நிறுவனங்களின் படங்களும் இத்தேர்வில் தேறலாம். ஆகவே, 2024 ஏப்ரல் முதல் படப்பிடிப்புத் தொடங்கிய சிறு முதலீட்டுப் படங்களுக்கு 53 விழுக்காட்டுச் சலுகை தனியே வகுக்கப்பட்டது. மேற்கண்ட கணக்கின்படி அது 3.18 மில்லியனாகும். இங்கு இயக்குநரோ முதன்மைக் கதையாசிரியரோ பிரித்தானியராக இருத்தல் வேண்டும். கூட்டுத் தயாரிப்புகளுக்கு மட்டும் இதில் விலக்குண்டு.

முடிவுரை

'பிரித்தானியாவில் எடுக்கப்பட்ட படம்' என்னும் பொருள் தொழிலாளர்க்கு வேலை தந்தது. 'பிரித்தானியர் படைத்த படம்' என்னும் பொருள் படைப்பாளர்க்கு வாய்ப்பளிக்க முனைகிறது. இரண்டும் வேறு வேறு நோக்கங்கள். திரைப்பட ஆதரவுக் கொள்கையை ஆராய்வோர் விழுக்காட்டைக் காணுமுன் வரையறையைக் காணுதல் வேண்டும் என்பதே நம் கருத்தாகும்.