ஒப்பாரிக் கோச்சியும் அறுகம்பை வேனும்

ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டமும் கரையைத் தொடாதவை. ஆனாலும் போயா விடுமுறை சனி, ஞாயிறோடு ஒட்டி வந்துவிட்டால் பசறை, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களில் இளசுகள் காசு சேர்த்து வேன் பிடிக்கிறார்கள். இரவில் புறப்பட்டு மொனராகலை, சியம்பலாண்டுவ, லகுகலை, பொத்துவில் என்று இறங்கினால் விடியும்போது கிழக்குக் கரையின் அறுகம்பை.

இவர்களுடைய பாட்டன்மாருக்குக் கடல் என்றால் ஒன்று வந்த வழி, இல்லையேல் போன வழி. கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து தலைமன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அந்த வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அவர்கள் சுவட்டில்தான் போனது.

போன வழி இன்னும் கொடியது. 1964 ஒக்டோபர் 30 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேர் இங்கே இருக்கலாம். ஒரே குடும்பத்தில் அண்ணன் அந்தப் பக்கம், தங்கை இந்தப் பக்கம் என்று பிரிந்த வீடுகள் எத்தனையோ. பதுளையில் ரயில் ஏறியவர்கள் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போய்க் கப்பலேறினார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் கட்டிப்பிடித்துக் கதறியதால் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர். 1984 இல் கப்பல் நின்றது. கடல் பார்த்தேன் என்று அந்தத் தலைமுறையில் யாரும் ஆசையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு போர். அறுகம்பைக்குத் தெற்கே 1985 இல் மூடிய குமணைச் சரணாலயம் 2003 இல்தான் திறந்தது. அடுத்த ஆண்டே சுனாமி அறுகம்பையை அடித்துப் போனது. போர் நாளில் மலைநாட்டு அடையாள அட்டையோடு கிழக்குக்கு உல்லாசம் போக யாருக்குத் துணிவு வரும்? கடலோரமாக நடந்தவர்கள் கதிர்காம யாத்திரிகர்கள்தான். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக வந்து, உகந்தை முருகனைக் கும்பிட்டு, காட்டுக்குள் நுழையும் அந்தப் பாதயாத்திரை இன்றும் நடக்கிறது.

இன்றைய நடை வேறு மாதிரி. அறுகம்பைக் குடாவிலிருந்து தெற்கே யானைப்பாறை வரை மணலிலேயே போகலாம். வெள்ளைக்காரர் அலைமேல் வழுக்கிக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் களிசானைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் கைகோத்துச் சங்கிலியாக நிற்பார்கள். நீச்சல் தெரியாது, தோட்டத்தில் எங்கே கற்பது? வீட்டில் கட்டிக்கொடுத்த ரொட்டியும் சம்பலும் மணலோடு சேர்ந்து நறநறக்கும். அதையும் ருசித்தே தின்பார்கள். கடலைக் கண்டு சும்மா சிரிக்க முடிவதே எனக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

ஆனால் அந்த வேனில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, கார்மெண்டுக்குப் போகும் தங்கச்சி, புதிதாக நியமனம் கிடைத்த டீச்சர். கொழுந்து எடுக்கும் அம்மா இல்லை. 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளம் ஏறியது; ஆனாலும் மலைக்குப் போனால்தான் பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஞாயிறு வந்தால் துணியும் விறகும் காத்திருக்கும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கிழக்குக் கரைக்கு நல்ல பருவம் மே முதல் செப்டெம்பர் வரை. யானைப்பாறைப் பக்கம் களப்புத் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். 2017 இல் ஒரு பிரித்தானிய இளைஞரை முதலை இழுத்துப் போனது அங்கேதான். அடுத்த முறை வேன் பேசும்போது அம்மாவுக்கும் ஒரு சீட் பிடியுங்கள், அன்றைக்குப் போகும் பேர்க்காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.