சிறு சொல், பெரிய வேறுபாடு

பழவேற்காடு ஏரியின் படகுத் துறை ஒன்றில் நீர்மட்டம் 1 மீட்டர் என்று கொள்வோம். புயல் நேரத்தில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. நீர்மட்டம் 'ரைஸ் பை 2 மீட்டர்ஸ்' என்றால், 2 மீட்டர் கூடி 3 மீட்டர் ஆகும். 'ரைஸ் டு 2 மீட்டர்ஸ்' என்றாலோ, 2 மீட்டர் வரை உயரும். கூடுவது 1 மீட்டரே.

வினைச்சொல்லோடு சேர்ந்தால் சிறு சொல் பொருளையே மாற்றிவிடும். 'புட்' என்றால் வை. 'புட் ஆஃப் தி டிரிப்' என்றால் பயணத்தைத் தள்ளிவை. 'புட் அவுட் டு ஸீ' என்றால் கடலுக்குப் புறப்படு! மாற்றிப் புரிந்துகொண்டால் மீனவரின் உயிருக்கே ஆபத்தல்லவா?

தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்தில் இச்சிறு சொல் பெயருக்கு முன்னால் வரும். ஆகவே, கணக்கில் அலகைப் பார்ப்பதுபோல், எண்ணுக்கு முன்னும் வினைக்குப் பின்னும் நிற்கும் சிறு சொல்லைப் பாருங்கள்.