புது காருக்கு பி.பி.எஃப் போடலாமா? தூத்துக்குடிக்காரங்க முதல்ல போட வேண்டிய கணக்கு!

டெலிவரி நாள். மாலை வாங்கியாச்சு, எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில ரெடி. சாவி கைக்கு வர இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. அப்போதான் ஷோரூம்ல ஒருத்தர் பக்கத்துல வந்து உட்காருவார். ''சார், நம்ம ஊர் ரோடு உங்களுக்கே தெரியும். லாரியில இருந்து கல்லு தெறிக்கும், உப்புக் காத்து வேற. பி.பி.எஃப் போட்டுருங்க. ஃபுல் பாடி ஒண்ணேகால் லட்சம்தான். லோன்லயே சேர்த்துக்கலாம்'' என்பார்.

நீங்க அப்பாவைப் பார்ப்பீங்க. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்குவார். பத்து லட்சம் ரூபாய் காருக்கு ஒண்ணேகால் லட்சம் ரூபாய் சட்டையா?

அந்த விற்பனையாளர் சொன்னதில் பாதி உண்மை. நம்ம ஊர்ல கல்லும் தெறிக்கும், உப்பும் அரிக்கும். ஆனா, இந்த ரெண்டும் எப்படிக் கூட்டுச் சேர்ந்து வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா, கார் முழுக்க ஃபிலிம் ஒட்டணுமா, முன்பக்கம் மட்டும் போதுமா, ஒண்ணுமே வேண்டாமா என்பதை நீங்களே முடிவு பண்ணிடலாம்.

கல் எங்கிருந்து வருது?

வ.உ.சி துறைமுகத்துக்குப் போற, வர்ற கன்டெய்னர் டிரெய்லர், நிலக்கரி லாரி, ஜல்லி ஏத்தின டிப்பர், உப்பு லாரி எல்லாம் நம்ம ஓட்டுற அதே ரோட்டுலதான் ஓடுது. வாகைக்குளம், வல்லநாடு வழியா நெல்லை போனாலும் சரி, எட்டயபுரம் வழியா மதுரை போனாலும் சரி, முன்னாடி ஒரு பதினாலு சக்கர வண்டி இருக்கும். போதாக்குறைக்கு, 2025 ஆகஸ்ட்டில் சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையும் திறந்தாச்சு. இந்த ரோடுகள்ல வண்டி கூடுமே தவிர குறையாது.

நிறைய பேர் லாரி மேலிருந்து கல் விழுதுன்னு நினைக்கிறாங்க. பெரும்பாலும் அப்படி இல்லை. ரோட்டோரமா கிடக்கிற சின்னக் கல்லை டயர் கிள்ளி மேலே எறியுது. அந்தக் கல் காற்றில் தொங்கிக்கிட்டு இருக்கிற நேரத்தில் நீங்க வேகமா போய் அதுல மோதுறீங்க. கல் உங்களை அடிக்கிறதைவிட, நீங்க கல்லை அடிக்கிறதுதான் அதிகம்.

அதனால, அடியோட பலம் உங்க வேகத்தைப் பொறுத்தது. அதுவும் வேகத்தோட வர்க்கத்தில் ஏறும். 60 கி.மீ வேகத்தில் வாங்குற அடியைவிட 90 கி.மீ வேகத்தில் வாங்குற அடி இரண்டேகால் மடங்கு. டவுனுக்குள்ள மட்டும் ஓடுற கார்ல பத்து வருஷம் ஆனாலும் பானெட் பளிச்னு இருக்கிறதுக்கும், தினமும் நெல்லை போய் வர்ற கார்ல ஒரே வருஷத்தில் புள்ளி புள்ளியா விழுறதுக்கும் இதுதான் காரணம்.

ஒரு பேப்பர் கனம்தான் காப்பு

கார் பெயின்ட் எவ்வளவு கனம் இருக்கும்? அடியில் துருப்பிடிக்காம இருக்க மின்முறையில் ஏத்துற ஒரு பூச்சு, அதுக்கு மேல பிரைமர், அப்புறம் கலர், கடைசியா கண்ணாடி மாதிரி கிளியர் கோட். இவ்வளவும் சேர்த்து பொதுவா 100 முதல் 150 மைக்ரான். ஒரு ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான். அதாவது உங்க கார் இரும்புக்கும் வெளி உலகத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ஜெராக்ஸ் பேப்பர், மிஞ்சினா ஒன்றரைப் பேப்பர்.

கல் பட்ட இடத்தை வெயில்ல வெச்சு உத்துப் பாருங்க. வெள்ளையா ஒரு கீறல் மட்டும் தெரிஞ்சா கிளியர் கோட்டோட போச்சு, கவலை இல்லை. கலர் போய் அடியில சாம்பல் நிறம் தெரிஞ்சா பிரைமர் வரைக்கும் போயிருக்கு, சீக்கிரம் கவனிக்கணும். பளபளன்னு உலோகம் தெரிஞ்சாலோ, பழுப்பு நிறம் தெரிஞ்சாலோ, இந்த வாரமே கவனிக்கணும்.

சென்னிமலையில் அழகுப் பிரச்னை... இங்கே ஆயுள் பிரச்னை!

கடலுக்குத் தூரமா இருக்கிற ஊர்ல ஒரு கல் புள்ளி பல மாசம் புள்ளியாவே இருக்கலாம். நம்ம ஊர்ல அப்படி இல்லை. குஜராத்துக்கு அடுத்தபடியா நாட்டுல அதிகமா உப்பு விளையிற இடம் இது. முள்ளக்காடு பக்கம் போனாலும் உப்பளம், தருவைகுளம், வேப்பலோடை பக்கம் போனாலும் உப்பளம். காத்துல உப்பு எப்பவும் இருக்கு.

உப்போட குணம் என்ன? மழைக்காலத்துல வீட்டு உப்பு ஜாடி கசியுதே, அதேதான். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கும். இரும்பு துருப்பிடிக்க ஈரம் வேணும். அந்த ஈரத்தில் உப்பு கரைஞ்சிருந்தா துரு இன்னும் வேகமா ஏறும். மழையே பெய்யலைன்னாலும், ராத்திரி பனி ஈரத்திலேயே வேலை நடக்கும். அப்புறம் துரு அந்தப் புள்ளியோட நிக்காது. பக்கத்துல நல்லா இருக்கிற பெயின்ட்டுக்கு அடியில பரவி, அதைக் கொப்புளம் மாதிரி தூக்கிவிடும்.

இதுல இருந்து ஒரு விஷயம் புரியும். நம்ம ஊர்ல கல் வாசலைத்தான் திறக்குது. உள்ளே நுழைஞ்சு நாசம் பண்றது உப்பு. கல்லைத் தடுக்கிறது ஒரு வழி. திறந்த வாசலை உடனே மூடுறது இன்னொரு வழி. முதல் வழிக்கு ஆயிரக்கணக்கில் செலவு. இரண்டாவதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை காலை போதும்.

மூணு பொருள், மூணு வேலை

*பி.பி.எஃப்:* பாலியூரித்தேன் வகை பிளாஸ்டிக்ல செய்த, நிறமில்லாத ஃபிலிம். பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது உங்க பெயின்ட்டைவிடக் கனம். கல் பட்டா ரப்பர் மாதிரி கொஞ்சம் அமுங்கி அடியை வாங்கிக்கும். நல்ல ரகத்தில் மேலோட்டமான கீறல் வெயில் சூட்டிலேயே மறையும். சின்னக் கல்லுக்கு நல்ல பாதுகாப்பு. கூரான பெரிய கல் வேகமா வந்தா இதுவும் கிழியும்.

*செராமிக் கோட்டிங்:* இது திரவம். காய்ஞ்சு கடினமான படலமா ஆகும். தண்ணி நிக்காது, அழுக்கு எளிதா போகும், பளபளப்பு நிற்கும். ஆனா கனம் சில மைக்ரான்தான். கல்லைத் தடுக்காது. ''செராமிக் போட்டா கல் விழாது'' என்று யாராவது சொன்னா, அந்த இடத்தை விட்டு எழுந்துடலாம்.

*வாக்ஸ், டெஃப்லான் பாலிஷ்:* சில மாசப் பளபளப்பு. கல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போ காசுக் கணக்கு

ஒண்ணேகால் லட்சத்தை லோன்ல சேர்த்தா என்ன ஆகும்? 9 சதவிகித வட்டி, 5 வருஷம்னு வெச்சுக்குவோம். மாசம் சுமார் 2,600 ரூபாய். மொத்தமா கட்டுறது ஒண்ணரை லட்சத்தைத் தாண்டும். பல ஃபிலிம்களுக்கு வாரன்ட்டியும் ஐந்து வருஷம்தான். ஆக, கடன் முடியிற நேரத்தில் ஃபிலிமோட வாரன்ட்டியும் முடியும்.

பானெட் ஒண்ணை முழுசா திரும்பப் பெயின்ட் அடிக்க என்ன ஆகும்னு உங்க சர்வீஸ் சென்டர்ல கேளுங்க. பெரும்பாலான சாதாரண கார்களுக்குச் சில ஆயிரங்கள்தான் சொல்வாங்க. அந்தத் தொகையால ஒண்ணேகால் லட்சத்தை வகுத்துப் பாருங்க. எத்தனை தடவை பானெட்டைப் பெயின்ட் பண்ணலாம்னு வரும்.

ஆனா ரெண்டு விஷயத்தையும் சேர்த்து யோசிக்கணும். கம்பெனியில் அடிச்ச பெயின்ட் சூளை மாதிரி அறையில் அதிக சூட்டில் வெந்தது. வெளியில அடிக்கிற பெயின்ட்டுக்கு அந்த உறுதி வராது. அடுத்தது கலர். முத்து விளைஞ்ச ஊர்க்காரங்க என்பதாலோ என்னவோ, நமக்கு 'பேர்ல் ஒயிட்' மேல ஒரு ஆசை. அந்த முத்து மினுமினுப்பு மைக்கா துகள்களால் வருது. அடுக்கடுக்கா அடிக்கிற அந்தக் கலரை ஒரு பானெட்டுக்கு மட்டும் அச்சு அசலா கொண்டு வர்றது சிரமம். சாதா வெள்ளை வாங்கினவரைவிட, பேர்ல் ஒயிட் வாங்கினவருக்கு முன்பக்க ஃபிலிம் கூடுதல் நியாயம்.

''இன்ஷூரன்ஸ் இருக்கே''ன்னு கேட்கலாம். சின்னப் புள்ளிக்கு கிளெய்ம் பண்ணினா, 'நோ கிளெய்ம் போனஸ்' போயிடும். முதல் வருஷம் 20 சதவிகிதத்தில் ஆரம்பிச்சு, ஐந்து வருஷத்தில் 50 சதவிகிதம் வரை ஏறுகிற தள்ளுபடி அது. அதுபோக 1,500 சி.சி வரையிலான கார்களுக்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000 ரூபாய் கட்டாயம் உங்க கையில இருந்து போகும். ஒத்தைக் கல் புள்ளிக்கு இது கட்டுப்படியாகாது.

நீங்க எந்த ரகம்?

*டவுன் ஓட்டம்:* புதுக்கிராமத்தில் இருந்து பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, பீச். ஹைவே மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை. உங்களுக்கு பி.பி.எஃப் தேவையில்லை. டச்-அப் பெயின்ட்டும் ஒழுங்கான கழுவலும் போதும்.

*தினசரி ஹைவே:* தினமும் நெல்லையோ, சிப்காட்டோ, துறைமுகமோ போய் வர்றீங்க. காரை ஏழெட்டு வருஷம் வெச்சுக்கப் போறீங்க. முன்பக்கம் மட்டும் போடுங்க. பானெட், முன் ஃபெண்டர், கண்ணாடி ஓரம், கூரையோட முன் விளிம்பு. பெரும்பாலான கல் அடி விழுறது இங்கேதான். ஃபுல் பாடிக்கு ஆகிற செலவில் ஒரு பகுதியே ஆகும். பட்ஜெட் இன்னும் கம்மின்னா பம்பரை விட்டுடலாம். அது பெரும்பாலும் பிளாஸ்டிக். புள்ளி விழும், துரு ஏறாது. பானெட்டுக்கு முதல் உரிமை.

*மூணு வருஷத்துல மாத்துறவங்க:* ஃபிலிமுக்குப் போட்ட காசு விற்கும்போது முழுசா திரும்பாது. விட்டுடுங்க.

*ஃபுல் பாடி:* விலை உயர்ந்த கார், கிடைக்காத கலர், கையில் கடன் இல்லாத காசு. இந்த மூணும் இருந்தா உங்க இஷ்டம்.

போடுறதுன்னு முடிவு பண்ணிட்டா...

டெலிவரி அன்னிக்கே கையெழுத்துப் போடாதீங்க. வெளியே ரெண்டு கடையில் விலை கேளுங்க. கூடவே இந்தக் கேள்விகளையும் கேளுங்க:

* ஃபிலிம் பாலியூரித்தேனா, பி.வி.சியா? பி.வி.சி விலை குறைவு. நம்ம ஊர் வெயில்ல சீக்கிரம் மஞ்சளாகும்.
* எத்தனை மைக்ரான்? ரோல் நம்பரோட வாரன்ட்டி கார்டு உங்க பேர்ல வருமா?
* வாரன்ட்டி எதுக்கு? மஞ்சளாவது, வெடிப்பது, உரிவதுக்குத்தான் பொதுவா தருவாங்க. கல் கிழிச்சா கிடையாது.
* கம்ப்யூட்டரில் அளவா வெட்டி ஒட்டுவாங்களா, கார் மேலேயே பிளேடு வெச்சு வெட்டுவாங்களா? பிளேடு பெயின்ட்டைக் கீறினா, கல் திறக்கிற வாசலை நீங்களே திறந்த மாதிரி.

ஒட்டின பிறகு ஓரங்களைக் கவனிங்க. ஃபிலிம் தூக்கிக்கிட்டா உப்பும் தூசியும் உள்ளே தங்கும். உடனே கடைக்குக் கொண்டுபோங்க.

போடலைன்னா... இதை மட்டும் பண்ணுங்க

முதல் மருந்து இடைவெளி. லாரி பின்னாடி மூணு செகண்ட் தூரம் விடுங்க. முன் வண்டி ஒரு கி.மீ கல்லைத் தாண்டினதும் எண்ண ஆரம்பிங்க. நீங்க அதைத் தாண்ட மூணு செகண்ட் ஆகணும். 80 கி.மீ வேகத்தில் அது சுமார் 65 மீட்டர். டயர் எறிஞ்ச கல் பெரும்பாலும் அதுக்குள்ள கீழே விழுந்துடும். இது பைசா செலவில்லாத பாதுகாப்பு. பெயின்ட்டுக்கு மட்டுமில்லை, உயிருக்கும்.

நாலு சக்கரத்துக்கும் மட் ஃபிளாப் போடுங்க. உங்க டயரே எறியிற கல்லில் இருந்து கதவோட கீழ்ப்பகுதியைக் காப்பாத்தும்.

உங்க கலர் கோடு, டிரைவர் கதவு ஓரத்திலோ பானெட்டுக்கு அடியிலோ ஸ்டிக்கரில் இருக்கும். இப்பவே போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. அந்தக் கோடுக்கான டச்-அப் பெயின்ட் சின்ன பாட்டில் வாங்கி டேஷ்போர்டில் வைக்காம, வீட்டில் நிழலில் வைங்க. புள்ளி விழுந்தா, நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு, நல்லா காய விட்டு, பல் குத்துற குச்சி முனையில் தொட்டு மெல்லிசா வைங்க. காய்ஞ்சதும் இன்னொரு தடவை. உலோகம் தெரிஞ்சா முதல்ல பிரைமர். பழுப்பு வந்திருந்தா துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பெயின்ட். கிட்ட வந்து பார்த்தா தெரியும், பரவாயில்லை. வாசல் மூடிடுச்சு.

கழுவுறதுல ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கம் பல இடத்தில் போர் தண்ணியே உப்பு. அதில் கழுவி வெயிலில் காய விட்டா, கரையைக் காசு கொடுக்காம வாங்கின மாதிரி. கடைசியா ரெண்டு வாளி நல்ல தண்ணி ஊத்தி, நிழலில் துடைச்சிடுங்க. காருக்கு அடிப்பக்கமும் தண்ணி அடிங்க. காலையில் காய்ஞ்ச தூசியை வெறும் துணியால் தேய்க்காதீங்க. நிலக்கரித் தூசியும் மணலும் சேர்ந்தா அது துடைக்கிறதில்லை, உப்புத்தாள் போடுறது.

ஆக, அடுத்த தடவை ஷோரூம்ல அந்த ஆள் பக்கத்துல வந்து உட்கார்ந்தா, ''வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன், அண்ணாச்சி'' என்று சாவியை வாங்கிக்கிட்டு வந்துடுங்க. எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு, ஒரு மாசம் உங்க ரூட்ல ஓட்டிப் பாருங்க. அப்புறம் ஒரு காலை வெயில்ல பானெட் முன்னாடி குனிஞ்சு புள்ளிகளை எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டுன்னா டச்-அப் பாட்டில் போதும். எண்ணி முடிக்க முடியலைன்னா, முன்பக்க ஃபிலிமுக்கு விலை கேட்கலாம்.