உயிர்வேலி

வேலி என்னும் சொல் நம் மொழியில் காவலையும் குறிக்கும். நில அளவையும் குறிக்கும். இருபது மா கொண்ட நிலத்தை ஒரு வேலி என்று சோழநாட்டார் வழங்கினர். நிலமும் காவலும் ஒரு சொல்லால் உணர்த்தப்படுதல், காவல் இல்வழி விளைவு இல்லை என்னும் உழவர் கொள்கைக்குப் பொருந்துவதே. வேலி, உயிருள்ளது, உயிரற்றது என இருவகைப்படும். கல்லும் சுவரும் முட்கம்பியும் உயிரற்றன. செடிகளை நெருங்க நட்டு வளர்ப்பதே உயிர்வேலியாம். அதன் இயல்பும் பயனும் ஈண்டுச் சுருங்கக் கூறப்படும்.

குளிர்நாடுகளில் வீட்டுத் தோட்ட வேலிக்குப் பெரிதும் பயன்படுவது பிரிவெட் என்னும் புதர்ச்செடி. இது நம் மல்லிகைக்கும் ஒலிவமரத்துக்கும் குடும்ப உறவுடையது. ஐரோப்பாவுக்கே உரிய வகை கடுங்குளிரில் பெரும்பாலும் இலையுதிர்க்கும். ஜப்பானிலிருந்து சென்ற வகையோ இலைகளை நெடிது தாங்கும். நகரத்துப் புகையையும் பொறுக்கும். ஆதலின் இலண்டன் முதலிய நகரங்களில் அது மிகப் பரவிற்று. எத்துணை முறை வெட்டினும் தழைப்பது இதன் சிறப்பு. இதன் கனி மக்களுக்கு நஞ்சாதல் குறை. மேற்கு மலைத்தொடரிலும் இவ்வினத்துச் செடியொன்று தானே வளர்கின்றது. புதுச்சேரியில் பணியாற்றிய பெரோத்தே என்னும் பிரெஞ்சுத் தாவர நூலார் பெயரை அது தாங்கி நிற்கின்றது.

நம் மருதோன்றிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘எகிப்திய பிரிவெட்’ என்பது. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. எனினும் எதிரெதிராய் அமைந்த சிற்றிலையும், நான்கு இதழ்ப் பிரிவுடைய சிறுபூக்கள் கொத்தாய் மணத்தலும் இரண்டற்கும் பொது. உன்னதப்பாட்டில் எங்கேதியின் திராட்சத் தோட்டங்களோடு சேர்த்துக் கூறப்படும் பூங்கொத்தும் இம்மருதோன்றியதே. வறட்சியைத் தாங்கி, வெட்ட வெட்டத் தழைத்து, முதிர்ந்தபின் முள்ளும் கொள்வதால் வேலிக்கு இது மிகவும் ஏற்றது. வெட்டிய தழையும் வீண்போவதில்லை. மகளிர் கைக்குச் செம்மை தருகின்றது.

மற்றொன்று கிளுவை. கொங்குநாட்டுக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கு முட்கிளுவையே அரணாகும். இதனை விதையிட்டு வளர்க்க வேண்டுவதில்லை. முற்றிய கிளையைப் போத்தாக வெட்டி ஊன்றினால் வேர்விடும். தென்காசிப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்றும் சாரலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். குற்றாலத்தின் ஈரநிலத்தில் செம்பரத்தை முதலியன எளிதில் வேலியாகும். கிழக்கே செல்லச் செல்ல மழை குறைதலின், ஆங்குக் கிளுவையும் மருதோன்றியுமே தக்கன. மழைக்குச் சற்று முன்னர் ஊன்றின் நீர் இறைக்கும் உழைப்புக் குறையும்.

வேலி அடர்வது கத்தரித்தலால். நுனியை வெட்டினால் அதன்கீழ் உறங்கிக்கிடந்த அரும்புகள் விழித்துப் பக்கக்கிளைகளாம். ஆதலின் இளமையிலேயே நுனி கிள்ளத் தொடங்கல் வேண்டும்; உயரட்டும் என்று விட்டால் அடிப்புறம் வெறுமையாய், ஆடு நுழையும் வழியாகும். அடி அகன்றும் முடி குறுகியும் இருக்குமாறு வெட்டுதல் முறை. அன்றேல் மேலிலைகளின் நிழலால் கீழிலைகள் வெளிச்சமின்றி உதிரும்.

சுவர் காற்றைத் தடுக்கும். ஆயினும் தடையுண்ட காற்று அதன்மேல் ஏறி அப்பால் சுழன்று பயிரை அலைக்கும். உயிர்வேலியோ காற்றைச் சல்லடைபோல் ஊடே விட்டு அதன் வேகத்தைத் தணிக்கும். ஆடிக்காற்று வீசும் இந்நாட்டில் இஃது எளிய நன்மையன்று. மேலும் பிரண்டையும் கோவையும் வேலியிற் படர்ந்து கறிக்கு உதவும். கொண்டைக்குருவி கூடு கட்டும். ஓணானும் கீரியும் ஒதுங்கும். வேலியின் வேர் பயிரின் நீரைச் சிறிது கவர்தலும், நிழல் விழுதலும் உண்மையே. எனினும் தழையும் விறகும் அவ்விழப்பை ஈடுசெய்வன.

செடியைத் தேர்வதில் விழிப்பு வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேலியைக் கடந்து பரவி, தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களை விழுங்கிற்று. 1926இல் இலங்கையிலிருந்து ஒருவகைக் கள்ளிப்பூச்சி கொணர்ந்து விடப்பட்ட பின்னரே அது ஒடுங்கிற்று. அழகுக்கென வந்த உண்ணிச்செடி இன்று மலைக்காடுகளில் உள்நாட்டுச் செடிகளை நெருக்குகின்றது. பிரிவெட்டும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் களையாயிற்று. காவலுக்கு வைத்தது கள்வனாதல் இதுவன்றோ!

2019இல் தனி மாவட்டமாகிய தென்காசியில் நிலங்கள் மனைகளாகப் பிரியுந்தோறும் பழைய கிளுவைவேலிகள் வேரோடு களையப்பட்டுக் கற்காலும் முட்கம்பியும் நாட்டப்படுகின்றன. கம்பி நட்ட நாள்முதல் தேயும். உயிர்வேலி நட்ட நாள்முதல் வளரும். வளர்ந்த வேலியைப் பறிக்க ஒரு பகல் போதும். மீண்டும் அடர்விக்கப் பல்லாண்டு வேண்டும். பறிக்க எண்ணுவோர் இவ்விரு கால அளவையும் ஒருங்கு வைத்து எண்ணுவாராக.