ஒரு குப்பியில் 200 கோடி: யாருக்கு, எவ்வளவு நாள்?

2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவி, பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படியொரு நேரத்தில் தாம்பரம் வட்டாரத்து மெடிக்கல் ஷாப்பில் போய் ‘லூஸ் மோஷன்’ என்றால், சீட்டு இல்லாமலே கிடைத்துவிடும் 5 மி.லி. பிளாஸ்டிக் குப்பி. குலுக்கி, தலையைத் திருகிக் குடிக்க வேண்டிய கலங்கல் நீர். அதில் பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா 200 கோடி இருக்கிறது. உறை போர்த்தி உறங்கும் நிலையில் இருப்பதால் வயிற்று அமிலத்தைத் தாண்டிவிடும்.

ஆனால் பேதியில் உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீர்தான். குப்பியை வாங்கிக்கொண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை விட்டுவிட்டு வருவதுதான் கவலையாக இருக்கிறது. பெரிய பொட்டலத்தை 1 லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு டாக்டர் சொன்னபடி துத்தநாகம், தினம் 20 மி.கி.

அப்படியானால் இந்தக் குப்பி போன்ற புரோபயாடிக்கால், அதாவது நன்மை கருதிக் கொடுக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களால், பயனே இல்லையா? எந்த நுண்ணுயிர், யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளுக்கு ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸை 7 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமித்தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. ஓரளவு எடையோடு பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகள் அவர்கள். குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது.

கோடிகள் கூடினால் குணம் கூடும் என்பதும் இல்லை. ஆன்டிபயாடிக் முடிந்த பிறகு புரோபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் குடலின் சொந்த நுண்ணுயிர்கள் திரும்பத் தாமதமானதை 2018-இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டார்கள். டாக்டர் சொன்ன நாள் முடிந்தால் நிறுத்திவிடுங்கள். அட்டையில் நுண்ணுயிரின் முழுப்பெயரும், காலாவதி நாள்வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்பதும் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டில் இருப்பவர்கள் தாமாக எதையும் தொடக் கூடாது. சாக்கரோமைசஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் பொடியில் இன்னும் கவனம் வேண்டும். கழுத்து ரத்தநாளத்தில் குழாய் பொருத்திய நோயாளியின் பக்கத்தில் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. விரலில் ஒட்டிய துகள்கூடக் குழாய் வழியே ரத்தத்தில் கலந்துவிடலாம்.