பொருள் தேடிச் செல்வோரும் உடல் நலமும்

மூலக்குளம் வழியே செல்லும் விழுப்புரம் சாலையில் இரவு பகலாகச் சரக்கு லாரிகள் ஓடுகின்றன. பொருள் தேடி வெளியூரும் வெளிநாடும் செல்லும் வணிகர், ஓட்டுநர் ஆகியோரின் பால்வினை நலம் பற்றி நாம் பேசத் தயங்குகிறோம்.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோரின் ஆய்வே இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. பின்னர் நாமக்கல் பகுதி லாரித் தொழிலாளர் பலரையும் அது தாக்கியது.

இதற்குக் காரணம் தொழிலன்று. வீட்டைப் பிரிந்த நீண்ட நாட்கள், தனிமை, மது, ‘இங்கே நம்மை யார் அறிவார்’ என்ற துணிவு ஆகியவையே. ஆணுறையற்ற உறவால் தொற்றும் கிருமி, பல ஆண்டுகள் அறிகுறியின்றி உடலில் தங்கும். ஊர் திரும்பியபின் ஏதும் அறியாத மனைவியையும், அவள் வழியே குழந்தையையும் அது அடையக்கூடும்.

ஐயமுள்ளவர் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பரிசோதித்துக் கொள்ளலாம். ஒருவரது சம்மதமின்றி முடிவை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கூட்டு மருந்துகளை அரசு 2004 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர் நெடுநாள் வாழலாம். துணைவருக்குத் தொற்றாமலும் காக்கலாம்.

நோயுற்றவரைப் பழிக்கும் ஊரில் எவரும் பரிசோதனைக்கு முன்வரமாட்டார். அப்பழிச்சொல்லை முதலில் கைவிட வேண்டியவர்கள் கற்றவர்களாகிய நாமே.